பலாமரத்தடியில் இறக்கிய தூளி

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், தம்பி. காற்று நேராக முகத்தில் அடித்தால் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும், அப்புறம் இரண்டு நாளைக்குத் திரும்பிப் பார்க்க முடியாது. டீ நன்றாக இருந்தது. உங்கள் ஏட்டு திருக்கோவிலூர்க்காரராமே. அவருடைய அப்பா சாவுக்கு நான் போய் மாலை போட்டிருக்கிறேன்.

என் பழைய டிரைவர் கொளஞ்சியப்பன் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டியது நல்லதாயிற்று. அதில் பாதி தப்பு. செவ்வந்தி செத்த அன்று ஜீப்பில் டீசல் இல்லை என்கிறான். டீசல் போட மறந்தது தன் குற்றம், அந்தப் பெண்ணின் சாவு தன்னால் வந்தது என்கிறான். அவன் ஒருநாளும் டீசல் போட மறந்ததில்லை. என் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்கிறான், பாவம். விசுவாசி. ஆனால் இந்த விஷயத்தில் அவன் விசுவாசத்தை நான் ஏற்க முடியாது. அந்த மலைச் சாலையில் அவனுக்குப் பங்கு கிடையாது. அது நான் கொண்டுவந்த சாலை. என்ன நடந்தது என்று நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு மணலூர்பேட்டைப் பக்கம். நெல், கரும்பு, ஆற்றுத் தண்ணீர், குறை ஒன்றும் இல்லை. அரசியலுக்கு வந்தது சம்பாதிக்க இல்லை என்பது என் எதிரிக்கும் தெரியும். கல்வராயன் மலையும் என் தொகுதியில்தான் இருந்தது. மலைக்காரர்களுக்குப் பட்டா வேண்டும் என்று எல்லாருக்கும் முன்னால் வாய் திறந்தவன் இந்தத் தெய்வசிகாமணிதான் என்று சட்டமன்றக் குறிப்புகளில் இருக்கிறது. வனத்துறை மசோதா ஒன்றில் சொந்தக் கட்சியின் முகத்தைப் பார்க்காமல் 'இல்லை' என்று கத்தினேன். சபையில் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். 'ஆதரிப்போர் ஆம் என்க' என்பார் சபாநாயகர். எல்லாரும் சேர்ந்து ஒரு சத்தம் போடுவார்கள். யார் சொன்னது, யார் வாயை மட்டும் அசைத்தது என்று எதிலும் பதிவாகாது. நான் எழுந்து நின்று என் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். செய்த வேலைக்குப் பெயர் இல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

ஆலத்திப்பாறை மலைமேல் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒரு பெரிய பலாமரம் வரை நடந்து வரவேண்டும். மரத்தடிக்குத்தான் ஜீப் வரும், அதுவும் மண்பாதை. நோயாளி என்றால் மூங்கிலில் தூளி கட்டித் தூக்கி வருவார்கள். ஜீப் கிடைக்காவிட்டால் பலாமரத்திலிருந்து குறுக்கு வழியில் அடிவாரம் வரை தூக்கிக்கொண்டே இறங்கி, கச்சிராயபாளையத்தில் பஸ்ஸோ வேனோ பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். மலைக்காரன் தோள் அப்படிப்பட்டது. அந்த வழியில் பிழைத்த தாயும் பிள்ளையும் அந்த ஊரில் நிறைய.

அந்தப் பாதையைச் சாலையாக்க நான் கேட்காத கூட்டத்தொடர் இல்லை. ஒவ்வொரு முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்பார் மந்திரி. ஒருநாள் கோட்டையில் ஒரு அதிகாரி வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏங்க, சும்மா பேசிக்கினே இருந்தா பைல் நவுராதுங்க. நாலு பேர் பார்க்க ஒரு சாவு வுழணும், பேப்பர்ல வரணும்" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதை யோசித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

மலையில் சாவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சேதி கீழே வருவதற்குள் பால் தெளித்துக் காரியமும் முடிந்திருக்கும். யாரும் பார்க்காத சாவு சபையில் எதற்கும் உதவாது. நான் இருக்கும்போது நடந்தால்தான் உண்டு.

சேதி நேரத்துக்குக் கிடைத்தால் மலையில் எந்தச் சாவுக்கும் நான் போகாமல் இருந்ததில்லை. பாடைக்குத் தோளும் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கொடுத்ததில்தான் அவர்களுடைய ஒரு வழக்கம் எனக்குத் தெரியவந்தது. உயிரோடு இருக்கிற ஆளைத் தூளியில் தூக்கினால் போய்ச் சேருகிற வரை தரையில் இறக்கக் கூடாது. நிற்கலாம், ஆள் மாற்றிக்கொள்ளலாம், இறக்கக் கூடாது. பாதி வழியில் இறக்கி வைத்து மறுபடி தூக்குவது பாடையை மட்டும்தான். ஒருமுறை இறக்கிய தூளியைத் திரும்பத் தோளில் ஏற்றினால் உள்ளே இருப்பவரைப் பிணம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கு ஒருவனும் தோள் கொடுக்க மாட்டான்.

அது ஓர் ஆவணி மாதம். அப்போது இதெல்லாம் விழுப்புரம் மாவட்டம். மலையில் குறைகேட்புக் கூட்டம் என்று ஒரு பத்திரிகைக்காரரைப் பொழுது சாய்கிற நேரத்துக்குப் பலாமரத்தடிக்கு வரச் சொல்லியிருந்தேன். வெள்ளிமலை டீக்கடையில் காலையிலேயே சேதி காதில் விழுந்தது. ஆலத்திப்பாறை பச்சமுத்துவின் மனைவி செவ்வந்திக்கு ராத்திரியிலிருந்து வலி, குழந்தை குறுக்கே நிற்கிறது, தூளி கட்டுகிறார்கள் என்று. கொளஞ்சியப்பனை ஜீப்பைப் பலாமரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பாறை மறைவில் நிறுத்தச் சொன்னேன். நான் மட்டும் நடந்துபோய் மரத்தடியில் நின்றேன்.

பொழுது நன்றாக ஏறியதும் வந்தார்கள். முன்னால் பச்சமுத்து, பின்னால் அவன் பங்காளி, பக்கத்திலேயே செவ்வந்தியின் அம்மா பெரியம்மாள் சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தாள். தூளித் துணி நனைந்திருந்தது.

"கும்புடறேங்க அய்யா," என்றான் பச்சமுத்து, தோளில் மூங்கிலோடு. "மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. குறுக்கால கீழ எறங்கிடலாம்னு போய்க்கினு இருக்கோம்."

"எறக்கி வைப்பா. பாறைக்கு அந்தாண்ட ஜீப் நிக்குது. எடுத்துக்கினு வர்றேன்."

அவன் தயங்கினான். "எறக்கிட்டா திரும்பத் தூக்கக் கூடாதுங்களே. ஜீப்பு கண்டிப்பா வந்துடுங்களா?"

"நான் இன்னா ஊருக்குப் புதுசா?"

பெரியம்மாள்தான் முடிவு செய்தாள். "அய்யாவே வாயத் தொறந்து சொல்றாரு, எறக்குடா. சாமி நேர்ல வந்து நிக்கிது, நீ இன்னாடா ரோசன பண்ணிக்கினு நிக்கிற?"

இறக்கினார்கள். துணியை விலக்கி அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இருபது வயது இருக்காது. "அய்யா, சீக்கிரமா வந்துடுங்க" என்றாள். "இதோ வந்துட்டேம்மா" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, அவளைப் பார்க்க எனக்கு அவ்வளவு பாவமாக இருந்தது.

பாறை மறைவுக்கு வந்து கொளஞ்சியப்பனிடம் சாவியை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பானெட்டைத் தூக்கி வைக்கச் சொன்னேன். அவன் ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தான். இந்தச் சாலைக்கு ஒரு சாவு வேண்டியிருக்கிறது, இது ஒன்று போனால் இனிமேல் எவளும் இப்படிச் சாக மாட்டாள் என்று அவனுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். அவன் அழுதான். ஆனால் சொன்னபடி செய்தான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பச்சமுத்து மூச்சு வாங்க ஓடி வந்தான். "இன்னா ஆச்சுங்க அய்யா?"

"ஸ்டார்ட் ஆவலப்பா. இப்ப ஆயிடும்."

"தள்ளட்டுங்களா?"

தள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். கைப்பிரேக் போட்டிருந்தது. அவன் அதை அறியாதவன், நெற்றியை வண்டியில் முட்டுக்கொடுத்து, கால் மண்ணில் சறுக்கச் சறுக்கத் தள்ளினான். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு அங்கே அவள் கத்தவும் திரும்பி ஓடினான். சாலை என்ற பெரிய காரியத்தை மனதில் வைத்திருந்ததால் என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடிந்தது. வேறு ஒருவனாக இருந்தால் இளகியிருப்பான்.

பாறைக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்டது. "வுடு அத்த, நான் ஒருத்தனாவே தூக்கிக்கினு ஓடறேன்" என்றான் பச்சமுத்து. "தொடாதடா, உசுரோட இருக்கறவள பொணமாக்கிடாதடா, அய்யா வந்துடுவாருடா" என்று பெரியம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவன் திமிறினான் போல. பங்காளிக்காரனும் சேர்ந்து அவனைப் பிடித்துக்கொண்டான். மருமகனைத் தடுத்தது அந்தத் தாய்தான் என்பதையும் உங்கள் குறிப்பில் எழுத வேண்டும். நான் யாரையும் தடுக்கவில்லை. அவள் அன்றைக்குத் தூக்கவிட்டிருந்தால் பெண் பிழைத்திருக்கலாம்.

வெயில் சாய ஆரம்பித்தபோது ஒப்பாரி கேட்டது. சாவியைக் கொடுத்தேன். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. மலைக்குப் போனால் ஜீப்பில் ஒரு மாலை எப்போதும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பத்திரிகைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். பச்சமுத்து என் தோளில் சாய்ந்து அழுகிற படம் மறுநாள் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

வளைகாப்புக்குப் போட்ட பச்சை வளையல் ஒன்றைப் பச்சமுத்துவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனேன். சபையில் அதைத் தூக்கிப் பிடித்துப் பேசினேன். அவையில் பொருள்களைக் காட்டக் கூடாது என்று சபாநாயகர் சொல்லிப் பார்த்தார், அவர் குரலும் தழுதழுத்துவிட்டது. மந்திரி எழுந்து அங்கேயே அறிவித்தார், ஆலத்திப்பாறைக்குத் தார்ச்சாலை. மேசையைத் தட்டாத ஆள் இல்லை. நானும் தட்டினேன்.

இப்போது போய்ப் பாருங்கள். ஆட்டோ போகிறது, மினி பஸ் போகிறது, ஆம்புலன்ஸ் ஊருக்குள்ளேயே போகிறது. அதற்கப்புறம் அங்கே பிரசவத்தில் ஒருத்தியும் சாகவில்லை. பலாமரத்தடியில் செவ்வந்தி பேரில் சுமைதாங்கிக் கல் நட்டேன். சூலோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி வைப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. கல்லில் அவள் பெயர் சின்னதாகவும் திறந்து வைத்தவர் பெயர் பெரிதாகவும் அமைந்துவிட்டது. கல்தச்சன் அப்படி வெட்டிவிட்டான், நான் சொல்லவில்லை. அடுத்த தேர்தலில் ஆலத்திப்பாறையில் எனக்கு எதிராக ஒரு ஓட்டுக்கூட விழவில்லை என்றார்கள். பச்சமுத்து வேறு கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு என் வீட்டுக்கு வருவான். போன வருஷமும் வந்தான். அம்மா அவனை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவாள், என் சம்சாரத்தைச் சொல்கிறேன்.

ஏன் இப்படி முகத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள்? ஒரு உயிர் கொடுத்து ஊருக்கு வழி வாங்கினேன். அதற்கு என்ன தண்டனையோ, கொடுங்கள். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, எந்தக் கோர்ட்டிலும் என் பெயரை உரக்கச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. கொளஞ்சியப்பன் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறான், என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு. சொல்லுகிறதை முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

பச்சமுத்து ஜீப்பைத் தள்ளிவிட்டுத் திரும்பி ஓடிய பிறகு, சோதனைச்சாவடியில் வேலை பார்த்த தங்கமணி டிவிஎஸ்ஸில் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அய்யா, மெட்ராஸ்லேர்ந்து மந்திரி ஆபீசு போன் பண்ணாங்கோ. ஆலத்திப்பாற ரோட்டுக்கு ஆர்டர் ஆயிடுச்சாம். நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாராம். மொதல்ல உங்களாண்ட சொல்லச் சொன்னாங்க" என்றான். சந்தோஷம், யாரிடமும் இப்போது சொல்லாதே, சபையில் மந்திரி வாயால் வருவதுதான் முறை என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பினேன். அப்புறம் மந்திரியும் அப்படியே அறிவித்தார். அவருக்கும் அது வசதியாக இருந்தது.

டிவிஎஸ் திரும்புவதற்குள் கொளஞ்சியப்பன் பானெட்டைப் படாரென்று இறக்கி மூடிவிட்டு என்னிடம் ஓடி வந்தான். "அய்யா, அதான் ரோடு வந்துடுச்சுங்களே. அந்தப் பொண்ணு இன்னும் மொனகிக்கினுதான் இருக்குது, கேக்குதுங்களா? சாவியக் குடுங்க அய்யா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்." இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றான்.

கேட்டது. அவள் தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நீங்கள் படித்தவர், தம்பி, நீங்களே சொல்லுங்கள். எங்கேயோ உட்கார்ந்து எவரோ கையெழுத்துப் போட்டு, தானாக வந்து விழுந்த சாலை என்றால், அதை என் சாலை என்று எவன் சொல்லுவான்? பானெட்டைத் திரும்பத் தூக்கி வைக்கச் சொன்னேன்.