குமரேசன் புடவை

அறுந்த பட்டு இழையை முடிவதில் ஆரணியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்தது அதில்தான் தொடங்குகிறது.

குமரேசன் என் தம்பி. கரையைத் தனியாக நெய்து உடலோடு கோக்கும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்கார்ந்து உடலை நெய்பவன் நெசவாளி. பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடை இழை ஓட்டும் நாடாவைத் தள்ளுபவன் வெறும் துணை. மூத்தவனான நான் இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தேன். கைராசி தம்பிக்குத்தான் என்று அப்பா எப்போதோ முடிவு செய்துவிட்டார். கடைக்காரர்கள் "குமரேசன் புடவை" என்றே கேட்டு வாங்குவார்கள். எனக்கு வயிறு எரியும். தம்பிதானே என்று தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவேன்.

2007ஆம் வருடம் அவனுக்குக் கழுத்தில் டிஸ்க் தேய்ந்து, சென்னையில் செயற்கை டிஸ்க் வைத்தார்கள். எலும்பைச் சேர்த்து இறுக்கிவிட்டால் குனிந்து நெய்ய முடியாதே என்று அவனே கேட்டு வைத்துக்கொண்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "அபூர்வமா இது நகர்ந்து தண்டுவடத்தை அழுத்தும். விரல் மரத்தாலும் நடை தடுமாறினாலும் அன்னிக்கே கூட்டிட்டு வந்துடுங்க. லேட் பண்ணா கை கால் போயிடும்."

ஐந்தாம் மாதம், அறுந்த இழைகளில் குமரேசன் போட்ட முடிச்சுகள் நழுவ ஆரம்பித்தன. அவன் சாப்பிடப் போகும் நேரத்தில் அவற்றை அவிழ்த்து நானே முடிந்து வைத்தேன். முதல் நாள் பாசத்தால் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அவனே சொன்னான். "ணா, விரலுக்கு இழையே தெரிய மாட்டேங்குது. பேஜாரா கீது. டாக்டராண்ட போலாமா?"

நெய்த துணியை விரித்துக் காட்டினேன். "பாருடா. ஒரு இழை விட்டுருக்குதா? மரத்துப்போன கையா இத நெய்யும்?"

நெசவாளி உடம்பை நம்பமாட்டான், துணியை நம்புவான். தடவிப் பார்த்துச் சிரித்தான். அவன் மனைவி கற்பகம், "எதுக்கும் ஒரு தபா காட்டிட்டு வந்துடலாமே மாமா" என்றாள். துணியை அவளிடமும் காட்டினேன்.

ஏழு வாரம் இப்படியே அவன் முடிச்சுகளை அவிழ்த்து நானே முடிந்து வைத்தேன். இடையில் அவன் வாசற்படியில் இரண்டு முறை தடுக்கி விழுந்தான். செருப்பைக் குறை சொல்லிப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். எட்டாவது வாரம் தறிக்குழியிலிருந்து அவனால் எழ முடியவில்லை.

டிஸ்க் நகர்ந்து பல நாளாகிவிட்டது என்றார்கள் சென்னையில். கழுத்துக்குக் கீழே எதுவும் திரும்பி வரவில்லை.

அவன் கடைசியாக நெய்த புடவையைக் கற்பகம் முடிச்சு தெரியும் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தது போன வாரம்தான். நான் இடதுகைக்காரன், என் முடிச்சு வேறு மாதிரி விழும். நெசவுக் குடும்பத்துப் பெண்ணுக்கு அது போதும்.

"எல்லாம் உங்க முடிச்சா மாமா?"

"ஆமாம்மா" என்றேன். ஒவ்வொன்றையும் தெரிந்தேதான் போட்டேன். அதை நான் மறைக்கவில்லை.

இந்த நான்கு மாதமும் நடுவில் உட்கார்ந்து நெய்தது நான். அவன் பார்க்கட்டும் என்று கட்டிலைத் தறிக்கு எதிரே போட்டிருந்தேன். நான் நெய்யும் நேரமெல்லாம் அவன் கண்ணில் தண்ணீர் வழியும். எழுந்துபோய்த் துடைத்துவிடுவேன். அண்ணன் நெய்வதைப் பார்த்து ஒரு தம்பிக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.