மாடியில் ஓடக் கூடாது

— ஆக, கடைசி விதி. மாடியில ஓடக் கூடாது. நான் கீழ குடியிருக்கேன். என் தலைக்கு மேல ஆள் இருக்கிறதே தெரியக் கூடாது. தலைமையாசிரியரா இருந்தவன்மா நான். வராண்டாவுல என் செருப்புச் சத்தம் கேட்டா, பள்ளிக்கூடமே மூச்சை அடக்கிக்கும்.

— நல்ல விதிதான் சார். வீடும் பிடிச்சிருக்கு. மாசக் கடைசிக்குள்ள இப்ப இருக்கிற வீட்டைக் காலி பண்ணியாகணும்.

— ஏங்க, அந்தப் பொண்ணை முதல்ல உக்காரச் சொல்லுங்களேன்.

— நீ சும்மா இரு, பேசிட்டிருக்கேன்ல. ஏம்மா, பசங்க எத்தனை பேரு?

— ரெண்டு பேர் சார். பெரியவனுக்கு ஏழு, சின்னவனுக்கு அஞ்சு. இருக்கிற இடமே தெரியாது. கீழ உங்க வாசப்படியிலதான் உக்காந்திருக்காங்க.

— அங்க என்ன சத்தம்?

— கேட்டுக் கதவு சார். காத்துக்கு ஆடுது.

— காத்தே இல்லையே. இப்ப ஹாரன் அடிக்குது. என் கார் ஹாரன்.

— தெருவுல ஏதாவது வண்டி போகும் சார்.

— தெருவுல போற வண்டிக்குள்ள, "நீ தள்ளுடா, நான்தான் ஓட்டுவேன்"னு ஒரு குரல் கேக்குதே?

— அது சின்னவன் சார்.

— டேய், யார்ரா அது? இறங்குங்கடா. பாத்தியாம்மா, ஒரே அதட்டல், அடங்கிட்டானுங்க. ஒழுக்கம்னா இதுதான்.

— சத்தம் நின்னுடுச்சா? சார், தயவுசெஞ்சு கொஞ்சம் எட்டிப் பாருங்க.

— எதுக்கு? எவ்வளவு அமைதியா... ஐயையோ, கார் பூரா சேறு.

— கழுவுறாங்க சார். தப்பு செஞ்சோம்னு தெரிஞ்சா உதவி பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. அதுதான் இன்னும் பயம். போகட்டும், இனிமே எதுக்கு மறைக்கணும்? கல்யாணமான புதுசுல சோஃபான்னா உக்காரத்தான்னு நானும் நெனச்சேன். அது கப்பலாம். கதவு ஏறுறதுக்காம். சத்தம் கேட்டா நிம்மதியா சமைப்பேன் சார். நின்னுடுச்சுன்னா அடுப்பை அணைச்சுட்டு ஓடுவேன். போன வாரம் அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்ல. போய்ப் பாத்தா, தூங்கிட்டிருந்த அவங்க அப்பாவுக்குப் பாதித் தலை முடி வெட்டி முடிச்சிருந்தாங்க. மனுஷன் இன்னும் தொப்பி போட்டுக்கிட்டுத்தான் ஆபீஸ் போறார். ராத்திரி ரெண்டும் தூங்கறப்ப பாத்தா, வேற யாரோ பெத்த பிள்ளைங்க மாதிரி இருக்கும்.

— குதிக்கவும் செய்வாங்களாம்மா? வீட்டுக்குள்ளேயா?

— ஆமாக்கா. கட்டில்லேர்ந்து தரைக்கு.

— நீ ஏன் இதெல்லாம் கேக்குற? வீடு கிடையாதும்மா, கிளம்பு. இதுக்கு முன்னாடி இங்க ஒரு தம்பதி இருந்தாங்க. ரெண்டு வருஷம், ஒரு டம்ளர் கீழ விழுந்த சத்தம் கேட்டதில்ல. சாயங்காலம் ஆனா, கூடத்துல என் நாற்காலியில உக்காந்து, கல்வி, ஒழுக்கம், இன்னைய சமுதாயம்னு இவகிட்ட நிதானமா பேசிட்டிருப்பேன். தூங்கப் போற வரைக்கும் ஒரு இடைஞ்சல் இல்ல.

— இந்தாம்மா சாவி.

— ஏய், நான் கிடையாதுன்னு சொல்லிட்டேன்.

— வீட்டை எங்கப்பா என் பேர்லதான் எழுதினார். நீங்க சும்மா இருங்க, பேசிட்டிருக்கேன்ல. ஏம்மா, சாயங்காலம் குதிக்க ஆரம்பிச்சா எதுவரைக்கும் குதிப்பாங்க?

— தூங்கற வரைக்கும்க்கா. பெரிய மனசு உங்களுக்கு. நான் வேணும்னா கட்டிலைப் பின்னாடி ரூம்ல போட்டுக்கறேன். உங்களுக்குச் சத்தம் குறைவா கேக்கும்.

— அதெல்லாம் வேண்டாம். கட்டிலைக் கூடத்துலேயே, அதோ அந்த ஜன்னலோரமா போடு. இவரு நாற்காலி அதுக்கு நேர் கீழதான் இருக்கு.