பஞ்சுப் பொதியும் பல்செட்டும்

எனக்கு முன்னாடி பேசுனவங்க எல்லாரும் மணமக்களை நல்லா வாழ்த்திட்டுப் போயிட்டாங்க. எனக்கு அப்படி அழகா வாழ்த்த வராது. பந்தியில இலை போடுற சத்தம் கேக்குது... தெரியுது. அதுக்குள்ள சின்னதா ஒரு கதையச் சொல்லிட்டு இறங்கிடுறேன். கதை முடியாம எந்திரிச்சுப் போற அண்ணாச்சிக்கு அப்பளம் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்.

விருதுநகர் பக்கத்துல ஒரு ஜின்னிங் மில்லு. பருத்தியில இருந்து கொட்டையப் பிரிச்சு, பஞ்சை அமுக்கிப் பொதியாக் கட்டி, நூல் மில்லுக்கு அனுப்புற இடம். முதலாளி பேரு சவுந்தரபாண்டி. நல்ல மனுசன்தான்... ஆனா சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். முன்னாடி ஒருதடவை பொதிக்குள்ள சாக்கு நூல் கிடந்துச்சுன்னு ஒரு நூல் மில்லு லோடையே திருப்பி அனுப்பிருச்சு. "இன்னொரு தடவை எதுவும் கிடந்தா உங்க பஞ்சே வேணாம்"னுட்டாங்க. அன்னையில இருந்து மனுசனுக்கு எந்திரிச்சாலும் அதே நினைப்பு, படுத்தாலும் அதே நினைப்பு.

ஒருநாள் பிரஸ் பக்கத்துல வந்து நிக்கிறாரு. பிரஸ்ஸுன்னா பெரிய இரும்புப் பெட்டி. பஞ்சை உள்ள கொட்டி மிதிப்பாங்க. அப்புறம் மேல இருந்து ஒரு இரும்புப் பலகை இறங்கி அமுக்கும். ஆள் உசரம் இருந்த பஞ்சு இடுப்பு உசரத்துக்கு வந்துரும். அதுக்கு இரும்புப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுனா, பொதி. அங்க ஒரே இரைச்சல். வாயால சொன்னா காதுல விழாது, கையாலதான் பேச்சு. கையத் தூக்குனா... நிறுத்து. விரலைக் கீழ காட்டுனா... அமுக்கு. இதை மறந்துராதீங்க, பின்னாடி வேணும்.

அந்த இரைச்சலையும் மீறிக் கேக்குற ஒரே வாய் முதலாளி வாய்தான். பெட்டிக்குள்ள எட்டிப் பாத்தாரு. நீளமா ஒரு தலைமுடி. எடுத்துத் தூக்கிப் பிடிச்சாரு.

"யாரோடது இது?"

பஞ்சுல தூசி பொறுக்குற பேச்சியம்மா முன்னால வந்தா. தலையில கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து தொங்குது. புருசன் படுத்த படுக்கை, இவ சம்பளத்துலதான் வீட்டுல அடுப்பு எரியுது.

"துண்டு நழுவிருச்சுய்யா... தெரியாம விழுந்துருச்சு"ன்னா, அவரு காதுகிட்ட வந்து.

"என் பஞ்சுல யாரு எதைப் போட்டாலும் அன்னைக்கே வெளிய. தெரியுமா தெரியாதா? சோத்து வாளியத் தூக்கிட்டுக் கெளம்பு, இப்பவே..."

சொல்லும்போதே மூக்குல பஞ்சுத் தூசி ஏறிருச்சு. தும்முனாரு. தும்முன தும்முல... வாயில இருந்த பல்செட்டு, மேல் வரிசை மொத்தமும், பறந்து போயி பெட்டிக்குள்ள விழுந்துருச்சு. வெள்ளைப் பஞ்சுல வெள்ளைப் பல்லு. யாரு கண்ணுலயும் படல. அவருக்குப் பல்செட்டுங்கிறதே பொண்டாட்டியத் தவிர ஊர்ல யாருக்கும் தெரியாது.

இப்ப அவரு என்ன பண்ணணும்? சொல்லுங்க... கையத் தூக்கணும். பதட்டத்துல அதெல்லாம் ஞாபகம் வருமா? ஒரு கையால வாயப் பொத்திக்கிட்டாரு. இன்னொரு கையால, "அங்க கிடக்கு, அங்க கிடக்கு"ன்னு பெட்டியக் காட்டுறாரு. விரல் எங்க பாக்குது? கீழ பாக்குது.

பிரஸ் ஓட்டுற மூக்கையா பாத்தான். "அமுக்கச் சொல்றாரு"ன்னு அமுக்குனான். இவரு துடிச்சுப்போயி இன்னும் வேகமாக் காட்டுறாரு. "ஓ... இன்னும் அமுக்கணுமா?" மூக்கையா அவன் சர்வீசுலயே அப்படி இறுக்கமா ஒரு பொதி போட்டதில்ல. பட்டையும் கட்டி, வாசலுக்கும் உருட்டிக் கொண்டு போயிட்டான்.

வாசல்ல லாரி நிக்குது. முதலாளி ஓடிப்போயி அந்தப் பொதி மேல உக்காந்துட்டாரு. ஏத்த வந்தவங்களக் கைய வீசி விரட்டுறாரு. வாயத் திறக்க மாட்டேங்கிறாரு. "ஐயா மௌன விரதம் போல"ன்னான் ஒருத்தன். "பொதி மேல உக்காந்தாடா விரதம் இருப்பாங்க?"ன்னான் இன்னொருத்தன். நீங்க சிரிக்கிறீங்க... அவரு நிலைமையப் பாருங்க. பொதியக் குடுத்தா மில்லோட பேரு போச்சு, காரணத்தச் சொன்னா மானம் போச்சு. சாக்கு நூலுக்கே லோடு திரும்பி வந்துச்சு. பல்செட்டுக்கு?

அந்தப் பக்கமா பேச்சியம்மா, சோத்து வாளியோட, அழுத கண்ணோட வாசலுக்குப் போறா. அவரப் பாத்தா. நின்னா.

"என்னய்யா... நெஞ்சு வலிக்குதா?"

பாத்தீங்களா... வெளிய போகச் சொன்னது யாரை? வந்து கேட்டது யாரு? அதுக்கு மேல அவரால தாங்க முடியல. கைய எடுத்து வாயக் காட்டிட்டாரு. பொதியவும் தட்டிக் காட்டுனாரு.

அவ சிரிக்கல. திரும்பி, "மூக்கையாண்ணே, பட்டைய வெட்டுங்க. தூசி இருக்காம், ஐயா திரும்பப் பாக்கச் சொல்றாரு"ன்னா. வெட்டுனதும் பஞ்சு புஸ்ஸுன்னு உப்பி எந்திரிச்சுச்சு. பேச்சியம்மாவே அடுக்கடுக்காப் பிரிச்சா, தேடுனா, எடுத்தா. ஒருத்தர் கண்ணுலயும் படாம முந்தானையில மூடி, அவரு கையில வச்சா. வச்சுட்டு மெதுவா ஒண்ணு கேட்டா.

"ஐயா... என்னோடது ஒத்த முடி. உங்களோடது ஒரு வரிசைப் பல்லு. நம்ம ரெண்டு பேர்ல யாருய்யா முதல்ல வெளிய போறது?"

முதலாளி அவளப் பாத்தாரு. கையில இருந்த பல்லப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு... பல்ல மாட்டாமலே, மில்லு மொத்தமும் பாக்கச் சிரிச்சாரு. "போ தாயி... துண்ட நல்லா இறுக்கிக் கட்டிட்டு வேலையப் பாரு"ன்னாரு.

சம்பந்தியம்மா... உங்களத்தான். சிரிச்சது போதும், இங்க பாருங்க. நாளைக்கு இந்தப் பொண்ணு உங்க வீட்டுல ரசம் வைக்கும். அதுல ஒரு முடி கிடக்கும். கிடக்கத்தான் செய்யும், நம்ம வச்ச ரசத்துல கிடக்காததா? மாப்ள, நீங்களும் தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சிராதீங்க. உங்க குறட்டைய அது காலம் பூராக் கேக்கப் போகுது. ஏம்மா, உனக்கும்தான்... ஈரத்துண்டக் கட்டில்ல போட்டாருன்னு அப்பாவுக்குப் போன் போடக் கூடாது.

அடுத்தவங்க முடியத் தூக்கிப் பிடிச்சுக் கத்துறப்பத்தான் நம்ம பல்லு விழும். விழட்டும்... எல்லாருக்கும் விழும். விழுந்தத எடுத்து, ஊரு பாக்காம முந்தானையில மூடிக் குடுக்க வீட்டுல ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் இந்தக் கல்யாணம்.

சரி, போங்க... இலை போட்டாச்சு. ரசத்துல ஏதாவது கிடந்தா, ஓரமா எடுத்து வச்சுட்டுச் சாப்பிடுங்க.