சுருதிச் சாவி

கடைசியா லவோனாவ உசுரோட பாத்தது எங்கன்னா, நீ இப்ப உக்காந்திருக்கியே மாப்ள, அதே நாற்காலிலதான்.

ம்? சரி சரி, உசுரோடன்னு சொல்லக் கூடாதுதான். உம் பொண்டாட்டி ஃபுளோரிடாவுல நல்லாத்தான இருக்கா, நீ சொல்றபடி பாத்தா. வாய்ப் பழக்கம்ப்பா. தெனம் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு இந்த ரேடியோ மைக்குல செத்தவங்க பேரு படிச்சுப் படிச்சு, யாரப் பத்திப் பேசுனாலும் அந்த வார்த்தை தானா வந்து ஒட்டிக்குது. தப்பா எடுத்துக்காத.

கோட்டக் கழட்டு. ஓஹையோவுலேருந்து லாரி ஓட்டிட்டு வந்திருக்க, வீட்டுக்குக்கூடப் போவல போலருக்கு. காப்பி ஊத்தவா? காலைல போட்டது, ரோட்டுக்குப் போடுற தாரு மாதிரி இருக்கும். அதனாலென்ன, சூடு இருக்கு.

உன் அறிவிப்பு ஞாபகமிருக்கு. ஸ்லேட் கேம்ப் போற பாதை ராண்டல் மீடுக்கு, அதாவது ஒனக்கு, சொந்தமான எடம், பாட்டுக்காரி ரசிகருங்க யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது, வச்சா சுடுவேன். அவ்வளவுதான? அந்தச் சுடுவேன மட்டும் கொஞ்சம் பதமா சொல்லலாமான்னு பாக்குறேன். பிரசங்கியாரு கேட்டுட்டிருப்பாரு. போன்ல சொன்னாப் போதாதான்னு காலைல கேட்ட. சுடுற சமாச்சாரம்னா ஆளு நேர்ல வந்து சொல்லணும், அது ஸ்டேஷன் சட்டம். பன்னெண்டு மணிக்குச் சாவு அறிவிப்போட சேத்துப் படிச்சிடலாம். அதுவரைக்கும் இந்த ஆல்பம் ஓடட்டும்.

ஆமா, ஜூனெலோடதுதான். வேற யாரோடது ஓடும்? நம்ம ஊருப் பக்கம் இப்ப நாயிகூட இந்தப் பாட்டுக்குத்தான் ஊளையிடுது.

சத்தத்தக் கொறைக்க முடியாதுப்பா, ஊரு கேட்டுட்டிருக்கு.

ஒனக்கு அவ பாட்டு புடிக்காதுன்னு தெரியும். ஆனா அந்தப் புள்ளய நான் மொதலேருந்து பாத்துட்டு வரேன். அவளும் லவோனாவும் சின்னஞ்சிறுசா இருக்கையில இங்கதான் வந்தாங்க. சனிக்கெழம வாங்கல்-விக்கல் நேரம். ஒருத்தன் வேட்ட நாய் விக்கிறேன்னு போன் பண்ணிருந்தான், அடுத்து ஒரு பொம்பள துணி தொவைக்கிற மெஷின் வேணும்னு வரிசையில இருந்தா. நடுவுல இதுங்க ரெண்டும். குரல் ஜூனெலுக்கு, கை லவோனாவுக்கு. அந்தக் கம்பிப்பெட்டி, ஆட்டோஹார்ப், நெஞ்சோட குழந்தைய அணைச்ச மாதிரி புடிச்சு வாசிக்கணும். எம் பொண்டாட்டி ஓர்மாவோடது அது. அண்ணம் மவளாச்சேன்னு லவோனாவுக்குக் குடுத்துட்டா. பாடி முடிச்சாங்க பாரு, போன் ஒண்ணு வந்துச்சு. தெல்மாதான், பாலத்துக்கிட்ட முடி வெட்டுற கட வச்சிருக்காளே. டெல்மர், வேட்ட நாய அப்புறம் வித்துக்கலாம், அதுங்கள இன்னொண்ணு பாடச் சொல்லுங்கிறா.

என் காலப் பாத்து ஏன் சிரிக்கிற? ஆமா, ஒரு பூட்ஸுல மஞ்சக் கயிறு, இன்னொண்ணுல கறுப்பு. அதுக்கொரு கத இருக்கு. சுரங்கத்துல வேல பாக்கையில வாங்குன பூட்ஸு இது. லவோனா அந்த ஹார்ப்போட சுருதிச் சாவிய வாரத்துக்கொரு தரம் தொலைச்சிடுவா. முப்பத்தாறு கம்பி, மழ பேஞ்சா எறங்கிடும், வெயிலடிச்சா ஏறிடும், சாவி இல்லாம ஒண்ணும் நடக்காது. ஓர்மாவுக்குக் கோவம் வந்து, நான் தூங்கிட்டிருக்கையில என் பூட்ஸுலேருந்து மஞ்சக் கயித்த உருவி, சாவிய அதுல கோத்து, புள்ள கழுத்துல மாட்டி முடிச்சுப் போட்டுட்டா. இனிமே தலையத் தொலைச்சாத்தான் சாவிய தொலைப்ப அப்படின்னா. அதுலேருந்து அவ குளிக்கையிலகூட கழட்டுனதில்ல. கல்யாணத்தன்னிக்கு வெள்ள கவுனுக்குள்ள மஞ்சக் கயிறு தெரிஞ்சுதே, நீகூட மூஞ்சிய சுளிச்சியே. ஞாபகமில்லையா? போட்டோவுல இருக்கு.

ஓர்மா கண்ண மூடுனதுக்கப்புறம் நான் அந்தக் கறுப்புக் கயித்த மாத்தல. அவ போட்டுவிட்டது, அப்படியே இருந்துட்டுப் போவுது.

இது மூணாவது பாட்டு. நல்லாருக்குல்ல?

ஜூனெல் பட்ட பாடு ஒனக்குத் தெரியாது. பாட்டுக் கம்பெனியெல்லாம் இருக்குற நாஷ்வில்லுக்குப் போனதும் மொத ஆல்பத்துல அவளுக்கு ஒரு தொப்பிய மாட்டி, ஜிகினாச் சட்டையப் போட்டு, பீரும் லாரியுமா பத்துப் பாட்டு பாட வச்சானுங்க. ஒருத்தனும் வாங்கல. கம்பெனிக்காரன் கழட்டி விட்டுட்டான். ரெண்டாவத அவளே போட்டு, கார் டிக்கில வச்சுக்கிட்டு ஊரு ஊரா வித்தா. பகல்ல ஓட்டல்ல தட்டு தூக்குனா. நான் அத தெனம் இங்க போட்டேன். தெல்மா போன் பண்ணி, அந்தப் பொண்ண அழுவுறத நிறுத்தச் சொல்லு டெல்மர், என் கோழியெல்லாம் முட்ட வைக்க மாட்டேங்குதுன்னா. பத்திரிகையில அவளப் பத்தி எங்க ரெண்டு வரி வந்தாலும் வெட்டி அந்தச் செவுத்துல ஒட்டிடுவேன். ரொம்ப நாளு செவுரு காலியாத்தான் கெடந்துச்சு. இப்பப் பாரு, எடமில்ல.

இந்த மூணாவது ஆல்பந்தான் தூக்கிருச்சு. அதுக்குக் காரணம் அந்த ஹார்ப்புதான்னு அவளே சொல்றா. நீ வித்த ஹார்ப்பு.

கோவிச்சுக்காத, வித்தது தப்புன்னா சொன்னேன்? நம்ம வாங்கல்-விக்கல் நேரத்துலதான போன் பண்ணுன. நாந்தான் எடுத்தேன். லாரி டயரு ரெண்டு, மரமறுக்குற மெஷின் ஒண்ணு, ஆட்டோஹார்ப் ஒண்ணு. ஹார்ப்புக்குச் சாவி இல்ல, அதனால கொறைச்சு எடுத்துக்கலாம்னு நீ சொன்ன. ஊரே கேட்டுச்சு. ஜூனெலோட அம்மா கேட்டுட்டு மவளுக்குச் சொல்ல, அன்னிக்கே அவ நாஷ்வில்லேருந்து கார எடுத்துக்கிட்டு வந்து வாங்கிட்டுப் போனா. லவோனா எங்கன்னு உங்கிட்ட கேட்டா. மிட்டாய் விக்கிற மெஷினுக்குச் சரக்கு ரொப்ப வருவானே ஒருத்தன், அவன்கூட லவோனா ஃபுளோரிடா போயிட்டான்னு நீ சொன்ன.

இருக்கலாம். நான் இல்லன்னு சொல்லலையே.

என்ன, ஒண்ணுதான் எனக்கு இடிச்சுது. சாவிய கழுத்துல மாட்டிக்கிட்டே போனவ ஹார்ப்ப ஏன் விட்டுட்டுப் போனா? ஷெரிஃப்கிட்டகூடக் கேட்டேன். புருசன விட்டுப் போற பொம்பள எதத்தான் யோசிச்சு எடுத்துட்டுப் போவா டெல்மர்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.

அவ கடைசியா வந்தத சொல்ல வந்தேன்ல, விட்டுட்டேன். ஆறு வருசத்துக்கு முந்தி, நவம்பரு, நல்ல மழ. தலையெல்லாம் நனைஞ்சு, ஹார்ப்ப மட்டும் கோட்டுக்குள்ள வச்சு மூடிட்டு வந்தா. வந்து உக்காந்து, கழுத்துக் கயித்தக் கழட்டாமயே சாவிய எடுத்து, ஒவ்வொரு கம்பியா திருகிட்டிருந்தா. ஸ்டேஷன்ல ஈரம், சுருதி சேத்து முடிக்கிறதுக்குள்ள மொதக் கம்பி எறங்கிடுது. சிரிச்சுக்கிட்டே பேசுனா. மாமா, ஜூனெல் கூப்புட்டுட்டா, அடுத்த ஆல்பத்துல எங்கூட நீதான் வாசிக்கிறங்கிறா, வெள்ளிக்கெழம பஸ்ஸேறப் போறேன்னா. ராண்டல்கிட்ட சொல்லிட்டியாம்மான்னு கேட்டேன். இன்னிக்கு ராத்திரி சொல்லப் போறேன் மாமான்னா.

சொன்னாளா?

சொல்லலையா. சரி.

காப்பி ஆறுது பாரு.

அடுத்த பாட்டு வருது. இதுக்குத்தான் ஜனங்க வராங்க. அட்டைப் படத்தப் பாத்திருப்ப, ஸ்லேட் கேம்ப் பழைய சர்ச்சுக்குப் பின்னால இருக்குற கெணத்துச் செவுத்துல ஜூனெல் ஹார்ப்போட உக்காந்திருக்கா. உங்கப்பா அந்த எடத்த வாங்குறதுக்கு முன்னாடி, கம்பெனிக்காரன் சுரங்கத்த மூடிட்டுப் போன புதுசுல, இதுங்க ரெண்டும் அங்கதான் பாடிப் பழகுச்சுங்க. கெணத்துக்குள்ள குனிஞ்சு பாடுனா எதிரொலியில ரெண்டு பேரு நாலு பேரா திரும்பி வருவாங்க. அதத்தான் இந்தப் பாட்டுல சொல்லிருக்கா. அவ்வளவுதான், டெக்ஸாஸ்காரன், மிச்சிகன்காரன், எங்கயோ ஜெர்மனியிலேருந்துகூட ரெண்டு பேரு, எல்லாரும் வந்து கெணத்துக்குள்ள தலைய விட்டுப் பாடுறான். சர்ச்சுப் பொம்பளைங்க அவங்களுக்கு ஆப்பிள் வச்ச பலகாரம் வித்தே சர்ச்சுக் கூரைய மாத்திட்டாங்க. நீ ஒருத்தன்தான் மாப்ள எரிச்சல்படுற.

புரியுதுப்பா, ஒன் எடம். கெணத்து மேல மூடுன பலகையப் பேத்துட்டானுங்கன்னா கோவம் வரத்தான் செய்யும். பாவம், நீயே வாங்கியாந்து ஆணி அடிச்ச பலகை. புள்ளைங்க விழுந்துடக் கூடாதேன்னு அடிச்சேன்னு சொன்ன. அந்தப் பக்கம் புள்ளைங்களே இல்லையேன்னு அப்ப தெல்மா கேட்டா. அவளுக்கு வாய் ஜாஸ்தி.

யாரு? ஜன்னல்ல என்ன பாக்குற? ஓ, அந்த வண்டியா. மீன் புடிக்க வந்தவங்களா இருக்கும். உக்காரு.

நாஷ்வில்ல அந்த ரெக்கார்டிங் பண்றவன் ஜூனெல்கிட்ட, ஹார்ப் சுருதி எறங்கியிருக்கு, சேத்துடலாம்னு கைய வச்சானாம். தொட்டீன்னா வெரல ஒடிச்சிடுவேன்னுட்டா. லவோனா கடைசியா வச்சுட்டுப் போன சுருதி இது, ஒரு கம்பியும் திருகக் கூடாது, நான் என் குரல எறக்கிக்கிறேன்னாளாம். அதான் கடைசிப் பாட்டு ஒரு மாதிரியா கேக்குது. பெரிய பத்திரிகைக்காரனுங்க என்னென்னவோ எழுதுறான், யாரோ பின்னால நிக்கிற மாதிரி இருக்குங்கிறான். நம்ம ஊருக்காரன் கேட்டதும் சொல்லிடுவான், அது மழையில நனைஞ்ச ஹார்ப்புன்னு.

இந்தா, அதான் வருது. கேளு.

...

எனக்கு மட்டும் இந்த எடத்துல கம்பி இன்னும் எறங்கிட்டே போற மாதிரி இருக்கும்.

நீ கேக்கலன்னாலும் சொல்றேன். ரசிகப் பொண்ணு ஒருத்தி, டென்னசிக்காரி, கெணத்துக்குள்ள பாடுறத போன்ல புடிக்கிறேன்னு கைய நீட்டி, போன உள்ள போட்டுட்டா. ஒரே அழுக. நம்ம தீயணைப்புப் பசங்க ஒனக்குத் தெரியும், பொம்பள அழுதா வானத்துலயும் ஏணி வைப்பானுங்க. மழையே இல்லாத வருசம், கெணத்துல முழங்கா தண்ணிகூட இல்ல. ஒருத்தன கயிறு கட்டி எறக்குனாங்க.

நேத்துச் சாயங்காலம். நீ ஓஹையோவுல இருந்த. மலைக்கு அந்தப் பக்கம் நம்ம ஸ்டேஷன் எடுக்காது, அதனால ஒனக்குச் சேதி வந்திருக்காதுன்னு நெனைச்சோம். இங்கயும் யாரும் வாயத் தெறக்கல. தெல்மாகூட. நெனைச்சுப் பாரு, தெல்மா ஒரு ராத்திரி பூரா வாயத் தெறக்காம இருந்திருக்கா.

போன் கெடைச்சுது, கெடைச்சுது. அத விடு.

எங்க எந்திரிக்கிற? கதவு பூட்டல, போறதுன்னா போ. ஆனா ஊருக்கு இருக்குறது ஒரு பாலம். நீ அதத் தாண்டி உள்ள வந்ததும் தெல்மா எனக்கு போன் பண்ணிட்டா. அடுத்த போன அவ யாருக்குப் பண்ணியிருப்பான்னு உனக்கே தெரியும். வெளிய நிக்கிறவங்ககிட்ட தூண்டில் இல்ல மாப்ள. நல்லாப் பாரு. வேற என்னத்தையோதான் கையில புடிச்சிருக்காங்க.

அப்புறம், ஆளு நேர்ல வந்து சொல்லணும்னு ஸ்டேஷன்ல சட்டம் எதுவும் கெடையாது. நானாச் சொன்னது.

அடிக்கிறதுன்னா அடி. எனக்கு வயசாச்சு, தடுக்க மாட்டேன். கொஞ்சம் பொறுத்து அடி, பாட்டு முடியுது. முடிஞ்சதும் இந்தச் செவப்பு வெளக்கு எரியும், அப்ப நீ மூச்சு விட்டாலும் ஊருக்குக் கேக்கும்.

ஒன் அறிவிப்ப நான் படிக்கப் போறதில்ல. அந்தப் பாதைய ஷெரிஃப் நேத்தே மஞ்ச நாடா கட்டி மூடிட்டாரு. இன்னிக்குச் சாவு அறிவிப்பு ஒண்ணே ஒண்ணுதான். சொந்தக்காரங்க வந்து சொன்னாத்தான் பேர படிக்கிறது என் வழக்கம். இந்தப் பேருக்கு நீ வருவன்னு ஆறு வருசம் பாத்தேன். நீ வரல. ஓர்மா இல்ல. மிச்சம் சொந்தக்காரன் நாந்தான். ஜூனெல் நாஷ்வில்லேருந்து கெளம்பிட்டா, ஹார்ப்போட வரா. அடக்கத்துல பாடுவா.

அது லவோனாதான்னு எப்படித் தெரியும்னா கேக்குற?

என்னைக் கூட்டிட்டுப் போயி காட்டுனாங்க. சாவி துருவேறி விரல் மொத்தம் ஆயிடுச்சு. கயிறு அப்படியே இருக்கு, ஓர்மா போட்ட முடிச்சுகூட அவுரல. நைலானுப்பா அது. மக்காது.