தீர்த்தம்மாளின் கட்டைவிரல்

மாலை ஆறே முக்கால். பென்னாகரம் ரோட்டிலிருந்து பிரிந்து அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகும் மண்பாதை. ஈ காக்கை இல்லை. எங்கள் தெரு நவநீதனுடைய மச்சான் பிரபாகர் தனியாக வண்டியில் போகிறான்... ஆள் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குடிசை மாற்று வாரியத்தில் அவனுக்கு ஒப்பந்த வேலை. ஏரிக்கரைக் குடிசைகளை இடித்துவிட்டு, அங்கிருந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே நாலு மாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். வீடு யார் பெயரில் வந்ததோ அவரே குடியிருக்கிறாரா, இல்லை வாடகைக்கு விட்டுவிட்டாரா என்று இவன் பார்க்க வேண்டும். பயனாளி கைரேகைக் கருவியில் கட்டைவிரல் வைத்தால் வீடு தங்கும். வைக்காவிட்டால் ஒதுக்கீடு ரத்து. சனங்கள் வேலை முடிந்து திரும்புவதே பொழுது சாயும்போதுதான். அதனால்தான் அந்த நேரம்.

அன்று கடைசி நாள். மிச்சம் ஒரே வீடு, மூன்றாவது மாடியில். பயனாளி பெயர் தீர்த்தம்மாள். மூன்று முறை போயும், அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி மகள் கவிப்பிரியா திருப்பி அனுப்பியிருந்தாள்.

படியேறினான். கரண்ட் இல்லை. எங்கோ குழாய் சொட்டுகிற சத்தம்... சொட்... சொட்...

கவிப்பிரியா கதவைத் திறந்தாள். அவள் பின்னால் இரண்டு பிள்ளைகள்.

“இன்னைக்கும் ஊர்லதான் இருக்காங்களா?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “அம்மா செத்து ஏழு மாசம் ஆவுதுங்க சார். வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு அண்ணன் ஒத்துவரலீங்க. வெளிய சொன்னா வூட்டப் புடுங்கிக்குவாங்கன்னு பயந்துட்டேன். புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்கங்க போவேன்?”

பிரபாகர் வாயில் வந்தது தினமும் சொல்கிற பேச்சுதான். “நான் என்னம்மா பண்றது? பயனாளி கை வச்சாத்தான் வூடு.”

பழக்க தோஷம். சொல்லிக்கொண்டே கருவியை நீட்டிவிட்டான்.

உள்ளறைத் திரை அசைந்தது. ஏரிச் சேற்று வாடை குப்பென்று வந்தது. திரை இடுக்கிலிருந்து ஒரு கை... கறுத்து, சுருங்கி, நகக்கண் எல்லாம் ஈரச் சேறு. கட்டைவிரலைக் கருவிமேல் வைத்து அழுத்தியது.

டிங்.

செங்கல் சூளை வேலையில் தேய்ந்துபோன விரல்களை அந்தக் கருவி நாலைந்து முறை தள்ளிவிடும். இதை முதல் முறையே ஏற்றுக்கொண்டது. பச்சை விளக்கு. ‘தீர்த்தம்மாள், குடியிருக்கிறார்.’ கருவிக்கு ரேகை தெரியும், உயிரா தெரியும்?

கை உள்ளே போய்விட்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவளுக்கு வீடு வேண்டும், அவனுக்கு வேலை முடிய வேண்டும். “சரி... முடிஞ்சுது” என்று முனகிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினான்.

மறுநாள் காலை உறுதிச் சீட்டைக் கொடுக்கப் போனான். கவிப்பிரியா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணி மூட்டை, பாத்திரங்கள். பிள்ளைகள் வெறும் சிமெண்டில் தூங்கின.

“ஏம்மா, வூடுதான் உறுதியாயிடுச்சே. உள்ள போய்ப் படுக்க வேண்டியதுதானே?”

“வுட மாட்டேங்குதுங்க சார்.” அவள் மேலே சாத்தியிருந்த கதவைக் காட்டினாள். “ராத்திரியே எங்கள வெளிய தள்ளிக் கதவச் சாத்திக்கிச்சு. ‘அம்மா, நாந்தாம்மா, கவி’ன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்... ‘பதினோரு வருசம் மனுக் குடுத்து வாங்குன வூடு, நீ யாரு’ன்னு கேக்குதுங்க.”