நாலுபிள்ளைப் பொத்தை

ரோடு வராத காலம், கரண்டு வராத காலம். நம்ம மேலக்குறிச்சியில ஆவுடைநாயகம்னு ஒருத்தரு இருந்தாராம். எனக்குப் பூட்டன். நெலம் அளக்க வந்த தொரை ஒருத்தன், தனக்குச் சாமான் செமந்த இவருக்குப் பிரியமா ஒரு தூரக்கண்ணாடியக் குடுத்துட்டுப் போனானாம். வாங்குன மனுசன் சும்மா இருப்பாரா? பொழுது சாஞ்சா ஊரை ஒட்டுன பாறைக்குன்று, அந்தப் பொத்தை மேல ஏறி வியாழனப் பாப்பாராம். "ஏ, குருவுக்கு நாலு பிள்ளைகடே, அப்பனச் சுத்திச் சுத்தி வருதுக!"ன்னு ஊரையே கூப்பிட்டுக் காட்டுவாராம். அளவுக்கு என்ன செய்ய? குருவோட உருண்டை வயித்த வச்சே அளப்பாராம். "மூத்தவன் பத்து வயிறு தள்ளி. கடைக்குட்டி ரெண்டு வயிறு தள்ளி."

அவரு மக கோமுக்குக் கல்யாணம். குருபலன் பாத்து முடிச்ச சம்பந்தம். மொத நாள் சாயங்காலம் சம்பந்தி பேச்சிமுத்து வந்தாராம். வந்தவரு இருட்டுனதும் பொத்தை மேல ஏறிக் கண்ணாடியில பாத்தாராம். ஒண்ணு, ரெண்டு, மூணு. அம்புட்டுத்தான்!

"என்னவே இது? குருவுக்கே ஒரு பிள்ளை போச்சு, எம்மவனுக்கு என்ன பலன்? வண்டியப் பூட்டுங்கடே!"

கோமுக்கு மொகமே செத்துப்போச்சாம்.

"சம்பந்தி, பொறும். கடைக்குட்டி அப்பன் முதுகுக்குப் பின்னால போயிருக்கான். வெளக்கு வைக்கையில வயித்தோட ஒட்டி நின்னான், நான் பாத்தேன். மறுபக்கம் வருவான். நீரு கீழ போயிச் சாப்பிடும்."

மொதப் பந்தி முடிஞ்சுதாம். வரல. ரெண்டாம் பந்தி முடிஞ்சுதாம். வரல. குரு வயித்தோட ஓரத்தையே பாத்துப் பாத்து ஆவுடைநாயகத்துக்குக் கண்ணுல தண்ணி. கீழ மாட்டைப் பூட்டுத சத்தம்.

"நானே காட்டி நானே கெடுத்தேனே"ன்னு ஒக்காந்துட்டாராம்.

"தள்ளுங்கப்பா, நா ஒருக்கப் பாக்கேன்"னு கோமு கண்ண வச்சாளாம். வச்சவ கத்துனாளாம்: "அப்பா! ஓரத்துல இல்ல, அரை வயிறு தள்ளி நிக்கான்!"

பெறவுதான் அவருக்கு வெளங்குச்சாம். முதுக விட்டு எப்பவோ வந்துட்டான் பய. அப்பன் நெழல்லயே நின்னா எப்படித் தெரியும்? நெழலத் தாண்டுனதும் மினுங்கிட்டான்.

சத்தம் கேட்டுப் பேச்சிமுத்து மூச்சு வாங்க ஏறி வந்து பாத்தாராம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அப்படியே பாறையில ஒக்காந்துட்டாராம்.

"மாட்டை அவுங்கடே. ஏ கோமு, எனக்கு இன்னொரு எலை போடு தாயி. அப்பத் தின்னது ஒண்ணும் எறங்கல."

பொத்தை முழுக்கச் சிரிப்பாம்.

அன்னையிலருந்து அது நாலுபிள்ளைப் பொத்தை. கண்ணாடி ஒடஞ்சு எந்தக் காலமோ ஆச்சு. வெறுங்கண்ணுக்கு ஒரு பிள்ளையும் தெரியாது. ஆனா இன்னைக்கும் கல்யாணத்துக்கு மொத நாள் பொண்ணு அதுல ஏறணும். மேகம் மூடிக் கெடந்தாலும் சரி, அண்ணாந்து பாத்து, "நாலும் இருக்கு!"ன்னு சத்தமாச் சொல்லணும். அதக் கேட்டாத்தான் இந்த ஊருல சம்பந்திக்கு எலை விழும்.