வலைக்குடில் பூட்டிய மாலை

எழுதிப் பழக்கமில்லாத கை இது. கதை என்று சொல்லிக்கொண்டு பெரியவர்கள் அமரும் இடத்தில் வந்து நிற்பதை வாசிப்போர் பொறுத்தருள வேண்டும். வருணிக்கும் திறம் இல்லாமையால், பேசியவர்களின் பேச்சை அப்படியே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே மரியாதை என்று எண்ணுகிறேன். மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கீழ்புத்துப்பட்டை நோக்கிப் போகும் கடற்கரைச் சாலையோரம் ஒரு விடுதி. அங்கே நடக்கும் திருமண விருந்துகளில் விருந்தினர் கையில் ரிப்பன் கட்டிய சிறு டப்பாக்களைக் கொடுப்பார்கள். மணமக்கள் கேக் வெட்டியதும் எல்லோரும் ஒன்றாகத் திறக்க, உள்ளிருந்து பட்டாம்பூச்சிகள் பறக்கும். அவற்றை வளர்ப்பதற்கென்றே விடுதியின் பின்புறம் வலையால் மூடிய குடில் ஒன்று உண்டு. அதன் பொறுப்பு மெர்லினுடையது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லாததால் அவளுக்குத் துணையாகக் கூலிக்கு வந்தவள் அமுதவல்லி. ஐப்பசி மாதத்து மாலை. இருவரும் குடிலுக்குள் இருக்கிறார்கள். கதவு வெளியே பூட்டியிருக்கிறது.

— இன்னொரு டப்பாவத் தொறங்கக்கா. மெதுவா. முந்தானைக்குள்ள வெச்சுத் தொறங்க.

— தொறந்துட்டேன் மெர்லினு. இதுவும் அதே ஆளுதான். சாக்கு நெறத்துல, மப்பா. பந்தியில தின்னுட்டுப் படுத்த மாமனாராட்டம் தூங்குது பாரு.

— றெக்கை எப்படி இருக்குது?

— விரிச்சுப் போட்டுக் கவுந்திருக்குது. கூரை சாஞ்சாப்புல.

— மீசை?

— மீசையா. சீப்பு மாதிரி பல்லு பல்லா இருக்குதே.

— அந்துப்பூச்சி. அந்தப் பக்கம் வைங்க.

— அந்தப் பக்கந்தான் மலையா சேந்துபோச்சே புள்ள. இந்தப் பக்கம் ஒரு கைப்பிடி கூட தேறல.

— பட்டாம்பூச்சின்னா மீசை நுனியில குண்டூசித் தலை மாதிரி உருண்டிருக்கும்க்கா. உக்காந்தா றெக்கைய மேல சேத்து வெச்சுக்கும், ஜெபத்துக்குக் கை கூப்புறாப்புல. அத மட்டும் பாருங்க. நெறத்தப் பாக்காதீங்க, நெறம் ஏமாத்தும்.

— சரி, இது என்ன ஜென்மம்? ரெண்டு றெக்கையத் தூக்கியிருக்குது, ரெண்டு றெக்கையப் படுக்கப் போட்டிருக்குது. ஒடம்பு கட்டை. கண்ணு இம்மாம் பெருசு. ஏரோப்ளேன் கணக்கா குந்தியிருக்குது.

— மீசை நுனி?

— உருண்டுதான் இருக்குது. உருண்டு முடிஞ்ச எடத்துல தூண்டிமுள்ளு மாதிரி வளைஞ்சிருக்குது.

— துள்ளி. தென்னங்கீத்தச் சுருட்டிக்கிட்டு உள்ள வளரும். அதுவும் பட்டாம்பூச்சிக்கு ஒறவுதான். நேரா பறக்கத் தெரியாது, விசுக்கு விசுக்குன்னு தாவும். பரவாயில்ல, இந்தப் பக்கமே வைங்க.

— எங்க நாத்தனார் வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு. எந்தப் பக்கத்துலயும் சேத்தி இல்ல, ஆனா பந்திக்கு வந்துடுவாரு.

— அக்கா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. எலுமிச்சைக் கெளையிலயும் ஆமணக்குச் செடியிலயும் கூடு தொங்கிக்கிட்டு இருந்துதே. நான் பாத்துப் பாத்து விட்டு வெச்சிருந்தேன். அதெல்லாம் எங்க?

— எது, காஞ்ச குச்சி மாதிரி தொங்கிக்கிட்டு இருந்துதே, அதுவா? அது கெட்டுப்போனதுன்னு இல்ல நெனச்சேன். மேல ஒரு போர்வை இல்ல, ஒண்ணும் இல்ல, அம்மணமா தொங்குச்சு. நீ ஃபாதர் கூப்பிட்டாருன்னு கோயிலுக்குப் போயிருந்த. மழை வேற கருக்கிக்கிட்டு வந்துது. அதெல்லாம் வாரிக் குப்பைக்குழியில போட்டுட்டு, நூல் சுத்திப் பத்திரமா மூடிக்கிட்டு இருந்தத மட்டும் பொறுக்கி டப்பாவுல எடுத்து வெச்சேன்.

— ஐயோ அக்கா.

— என்ன ஐயோ? உப்பு அம்பாரம் குமிச்சா ஓலை போட்டு மூடணும். மூடுன உப்பு நிக்கும், மூடாத உப்பு ஒரு மழைக்குத் தாங்காது. பொறந்ததுலேர்ந்து அதத்தான் பாத்திருக்கேன். பூச்சிக்கு மட்டும் வேற நியாயம்னு எனக்கு யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. நான்தான் சொல்லியிருக்கணும். பட்டாம்பூச்சி கூடு மூடாதுக்கா. நூல் சுத்தி மூடிக்கிறது அந்துப்பூச்சி.

— அப்ப நான் பொறுக்கிப் பொறுக்கி வெச்சதெல்லாம்?

— அந்துப்பூச்சி. கீத்துல சுருண்டு இருந்தது துள்ளி. உங்க கண்ணுக்குத் தப்பினது மட்டுந்தான் பட்டாம்பூச்சி.

— சரி, நடந்தது நடந்துபோச்சு. டப்பாவுல அந்துப்பூச்சி இருந்தா என்ன ஆவும்?

— ஒண்ணும் ஆகாது. அதான் பயமா இருக்குது. பகல் வெளிச்சத்துல அது அசையாது. தட்டிப் பாப்பாங்க, கவுத்துப் பாப்பாங்க, பொண்ணு மாப்பிள்ளை மேல பொத்து பொத்துன்னு விழும். அப்புறம் இந்தக் குடிலப் பிரிச்சிட்டு கார் நிறுத்துற எடமாக்கிடுவாங்க. மேனேஜர் போன வாரமே வாயத் தொறந்து சொல்லிட்டாரு.

— ஆக்கினா ஆக்கட்டுமே. அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப்போவுது?

— வேலை போனா ரூமும் போயிடும்க்கா. ரூம் இல்லன்னா கிளியனூருக்கு, அவர் வீட்டுக்குத்தான் நான் திரும்பணும். எங்க அண்ணன் தீத்துச் சொல்லிட்டாரு, என் வீட்டுல எடம் கெடையாதுன்னு.

— உன் புருஷன் மேத்யூ அடிப்பானா?

— இல்ல.

— குடியா?

— தொட மாட்டாரு. கார் எடுத்துக்கிட்டு ட்ரிப் போறப்ப என்ன உள்ள வெச்சு வெளிய பூட்டிட்டுப் போவாரு. வேளாங்கண்ணி ட்ரிப்னா ரெண்டு நாளைக்கு. பாலு, பிரெட்டு, மெழுகுவத்தி எல்லாம் வாங்கி வெச்சுட்டுத்தான் பூட்டுவாரு. மாத்திரை கூட வாங்கி வெப்பாரு.

— இத நீ யார்கிட்டயும் சொல்லலியா?

— ஃபாதர்கிட்ட சொன்னேன். உன் மேல இவ்வளவு அக்கறை வெச்சிருக்கான், பின்ன என்னம்மா கொறைன்னு கேட்டாரு. எழுந்து வந்துட்டேன்.

— இப்ப இந்தக் கதவ எதுக்குப் பூட்டியிருக்கான் மேனேஜர்?

— மண்ணு பட்ட துணியோட விருந்தாளிங்க கண்ணுல படக்கூடாதாம். நிகழ்ச்சி முடிஞ்சதும் தொறப்பாராம்.

— நம்மள என்ன, மூடி வெக்கலன்னா கரைஞ்சா போயிடுவோம்? சரி விடு. மேல சுத்திக்கிட்டு இருக்குதே, இதெல்லாம் பட்டாம்பூச்சிதானே?

— அது டூரிஸ்ட்டுங்க பாக்குறதுக்கு. முட்டை வெக்கிறதும் அதுங்கதான். அதப் புடிச்சு அனுப்பிட்டா அடுத்த கல்யாணத்துக்கு ஒண்ணும் இருக்காது.

— அடுத்த கல்யாணத்த அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல இந்தக் கல்யாணத்தத் தாண்டு. நீ புடிச்சுக் குடு, நான் ரிப்பன் கட்டுறேன். டப்பாவுக்கு ஆவுற அளவு புடிச்சா போதும், மிச்சத்த மேலயே விட்டுடு.

— அமுதாக்கா, டப்பா ரெடியா? தண்ணிக்குழாய் போற சந்து வழியா நீட்டுங்க, நான் வாங்கிக்கிறேன்.

— அட, ராஜவேலு. வாச்மேனுக்கு வந்த மவுசப் பாத்தியா மெர்லினு, கோட்டு போட்டிருக்கான். ஏம்பா, கதவத் தொறந்து மனுஷனாட்டம் வாங்கிக்கிட்டுப் போனா என்ன?

— சாவி என்கிட்ட இல்லக்கா. தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் சொன்னேன்னு வெளிய வரக்கூடாது.

— சொல்லுங்கண்ணே.

— மாப்பிள்ளை வீட்டு வண்டிய ஓட்டிக்கிட்டு வந்திருக்கிறது உன் வீட்டுக்காரர். மத்தியானமே மேனேஜர் ரூம்ல உக்காந்து காபி குடிச்சாரு. போன்ல உங்க கல்யாண போட்டோவக் காட்டினாரு. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு. சண்டை சச்சரவு வேணாம் சார், விருந்து கெட வேணாம், அதுவரைக்கும் அவ எங்கயும் போயிடாம மட்டும் பாத்துக்கங்கன்னு கேட்டுக்கிட்டாரு. குடும்ப விஷயம்னு மேனேஜரும் சரின்னுட்டாரு.

— அப்ப இந்தப் பூட்டு விருந்தாளிங்களுக்காக இல்லயா?

— இல்ல தங்கச்சி.

— டப்பா எல்லாம் நல்லபடியா பறந்துடுச்சுன்னா, மேனேஜர் மனசு மாறுவாரா?

— பறந்தாலும் ஒண்ணுதான், பறக்காட்டியும் ஒண்ணுதான். சாவிய மேத்யூ கையிலயே குடுத்துட்டாரு. கேக் வெட்டினதும் வந்து தொறப்பாரு.

— ராஜவேலு, நீ அந்தப் பூட்ட ஒரு தட்டு தட்டினா கழண்டு வந்துடாது?

— வந்துடும்க்கா. கூடவே என் வேலையும் போயிடும். வீட்டுல பசங்க இருக்குது.

— உன்ன ஒண்ணும் சொல்லல. டப்பாவ எடுத்துக்கிட்டுக் கெளம்பு.

இவ்விடத்தில் மட்டும் சில வரிகள் குறுக்கிட அனுமதி வேண்டுகிறேன். ராஜவேல் போன பிறகு அமுதவல்லி தாழ்ந்த குரலில் வலையைக் காட்டி ஏதோ சொன்னாள். மெர்லின் கூடாது என்றாள். வலை போனால் குடிலில் ஒன்றும் தங்காது, தை பிறந்து உப்பளத்தில் வேலை தொடங்கும் வரை அக்காவுக்கு இந்தக் கூலியைத் தவிர வேறு வழியில்லை என்று எடுத்துச் சொன்னாள். மெர்லினுக்குப் பூட்டைக் கண்டு அச்சம் எழவில்லை. தன் கைகளைக் கண்டுதான் எழுந்தது. கிளியனூர் வீட்டில் பூட்டுக்குள் இருந்த நாள்களில் செய்ததைப் போலவே, அவை தாமாகக் குடிலிலிருந்த பாத்திரங்களைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வரிசையாக அடுக்கத் தொடங்கியிருந்தன. புல்தரைப் பக்கம் பாட்டு நின்றது. கைதட்டல் கேட்டது. விளக்குகள் எரிந்தன. சற்று நேரம் கழித்துக் கதவில் சாவி திரும்பியது.

— மெர்லின். வா, போலாம். வண்டி நிக்குது.

— கதவச் சாத்துங்க தம்பி. பூச்சி போயிடும்.

— நீங்க யாரும்மா?

— கூலிக்கு வந்தவ. பேரு அமுதவல்லி. சாத்திட்டீங்களா? டப்பாவெல்லாம் நல்லா பறந்துச்சா?

— பறந்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. அவளக் கொஞ்சம் வரச் சொல்லுங்க.

— அவசரப்படாதீங்க. வேலை செஞ்ச எடம், நாலும் ஒதுங்க வெக்கணும் இல்ல. காலப் பாத்து வைங்க, கீழ டப்பா கெடக்குது. உங்களுக்குப் பட்டாம்பூச்சி எது, அந்துப்பூச்சி எதுன்னு தெரியுமா தம்பி?

— அதெல்லாம் எனக்கு எதுக்கும்மா.

— வீட்டுக்காரி தொழிலு, தெரிஞ்சுக்க வேணாமா? இப்பத்தான் எனக்கே புரிஞ்சுது. நெறத்தப் பாக்கக்கூடாதாம். மீசையப் பாக்கணுமாம். நுனி உருண்டிருந்தா பட்டாம்பூச்சி. உருண்டு வளைஞ்சிருந்தா துள்ளி. சீப்பு மாதிரி இருந்தா அந்துப்பூச்சி. இருங்க, ரோட்டுல நின்னு ஆளேத்துற அந்த பஸ்ஸு சத்தம் போவட்டும், சொல்றது உங்களுக்குக் கேக்காது.

— நான் மரியாதையாத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்.

— நானும் மரியாதையாத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அந்த முக்காலிய இழுத்துப் போட்டுக் குந்துங்க.

— மெர்லின், ஒளிஞ்சு வெளையாடாத. உனக்குப் புடிச்ச பிரெட் அல்வா எடுத்து வெச்சிருக்கேன். எங்க போனாலும் என்கிட்ட சொல்லாம அவ போனதில்லம்மா, நல்ல பொண்ணு. அந்தச் செடிக்குப் பின்னாலயா இருக்கா?

— போய்த்தான் பாருங்களேன்.

— இங்க இல்லயே. ஏம்மா, பட்டாம்பூச்சிக் குடில்னு போர்டு போட்டிருக்காங்க, இங்க ஏன் ஒண்ணுகூடப் பறக்கல?

— கேட்டீங்களே, சொல்லிடுறேன். மேனேஜருக்கும் இதத்தான் சொல்லணும். பட்டாம்பூச்சி எல்லாம் போச்சு. துள்ளி எல்லாம் போச்சு. அந்துப்பூச்சி மட்டும் எந்திரிச்சு அந்த வெளக்கச் சுத்திக்கிட்டு இருக்குது, அது கணக்குல வராது. பின்பக்கத்து வலை மேலருந்து கீழ வரைக்கும் போச்சு, தழை அறுக்கிற கத்தியால அறுத்தது நான்தான். என் கூலி போச்சு. அவ ரூமு போச்சு. உங்க சம்சாரம் போயாச்சு.